ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் ஞாயிறு விருந்தைப் புதுச்சேரி வீட்டில் சமைக்க வழி சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். அடுத்த மாதம் இருவரும் புதுச்சேரிக்கு வருகிறார்கள். நம் சாப்பாட்டை அவள் விரும்பித்தான் சாப்பிடுகிறாள். இருந்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அவள் பாட்டி தேவாலயத்திலிருந்து வந்து குடும்பத்துக்குப் பரிமாறிய, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபுச் சமையலான ‘சோல் ஃபுட்’ விருந்தை எங்கள் வீட்டில் அவளுக்குப் படைக்க வேண்டும் என்பது என் ஆசை. பொரித்த கோழி, காலர்ட் கீரை, காராமணி, சோள ரொட்டி, சீஸ் சேர்த்துச் சுட்ட மக்ரோனி, இனிப்பு வள்ளிக்கிழங்கு என்று தம்பி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்.

காலர்ட் கீரை இங்கே கிடைப்பதில்லை. அம்மா பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. அப்பாவுக்குச் சோறும் காரமும் இல்லாவிட்டால் சாப்பிட்ட நிறைவே வராது. இருப்பதோ ரொட்டி, கேக் சுடும் ஒரு சிறிய அவன் (oven). எட்டுப் பேருக்குச் சமைக்க வேண்டும். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பத்துக்காரர்:

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தமாக அந்நாட்டின் தென் மாநிலங்களில் சில காலம் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த விருந்துக்கு உயிர் கீரைச் சட்டியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே கோழியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பு கீரையை முடிவு செய்யுங்கள்.

காலர்ட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் ஆகிய எல்லாம் ஒரே தாவர இனத்தின் வெவ்வேறு வகைகள். எனவே நூக்கல் இலையும், முட்டைக்கோஸின் வெளிப்புறத்துப் பச்சை இலையும் காலர்டுக்கு மிக நெருங்கியவை. பெரிய மார்க்கெட்டில் நூக்கல் விற்பவர்கள் பெரும்பாலும் இலையைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் கட்டாக எடுத்து வைப்பார்கள். அரைக்கீரை, பசலை போன்றவற்றை எடுக்காதீர்கள். நெடுநேரக் கொதிக்கு அவை தாங்காமல் கூழாகிவிடும். மண் போகும்வரை இலையை அலசி, நடுநரம்பை உரித்து நீக்கி, இலைகளை அடுக்கிச் சுருட்டி, விரல் அகலத்துக்கு நறுக்குங்கள்.

கீரைக்கு முன்னதாக அதன் சாறு தயாராக வேண்டும். புகையூட்டிய இறைச்சியை வெங்காயம், பூண்டு, கொஞ்சம் மிளகாய்த் தூளுடன் ஒரு மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, அதன் பிறகு கீரையைப் போட்டு முக்கால் மணி நேரமாவது வேகவிட வேண்டும். இறக்கும்போது ஒரு கரண்டி வினிகரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போதும். சட்டியின் அடியில் தங்கும் சாற்றைத் தயவுசெய்து வடித்துக் கொட்டிவிடாதீர்கள். 1865-இல் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை, தோட்ட முதலாளிகள் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு அளந்து கொடுத்த உணவு பெரும்பாலும் சோள மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும்தான். குடிசைக்குப் பக்கத்தில் தாங்களே பயிரிட்ட கீரையும் அதன் சாறும்தான் அவர்கள் உடம்பைத் தாங்கின. சோள ரொட்டியை அந்தச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

அம்மாவுக்காகத் தயங்க வேண்டாம். அங்கேயே இன்று பல குடும்பங்களில் பன்றி இறைச்சிக்குப் பதிலாகப் புகையூட்டிய வான்கோழியைப் போட்டுத்தான் சமைக்கிறார்கள்.

நெல்லித்தோப்பு சமையல்காரி:

வான்கோழிக்கு அலைய வேண்டியதில்லை அக்கா. கோழியின் இறக்கையையும் கழுத்தையும் உப்புத் தடவிச் சட்டியில் வதக்கிக்கொள்ளுங்கள். கொட்டாங்கச்சியைக் கனல வைத்து, ஒரு சிறிய கிண்ணத்தில் அந்த நெருப்புத் துண்டைப் போட்டு இறைச்சியின் நடுவே வைத்து, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உடனே மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் புகை வாசனை இறைச்சியில் இறங்கிவிடும்.

பொரிக்கும் கோழியைத் தோல் உரிக்காமல் வெட்டித் தரும்படி கடையில் கேளுங்கள். சனிக்கிழமை இரவே உப்பும் மிளகுத்தூளும் கலந்த கெட்டி மோரில் ஊறப்போடுங்கள். நாம் குடிக்கும் நீர்மோர் இதற்கு உதவாது. தயிரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அடித்ததுதான் சரி. மறுநாள் மைதாவில் உப்பு, மிளகு, பூண்டுத் தூள், காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூள் கலந்து, துண்டுகளை அழுத்திப் புரட்டி, மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்வரை சற்று நேரம் தட்டில் வைத்துவிடுங்கள். கடலை எண்ணெய் நல்லது. ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வரும் சூட்டில் துண்டுகளை இறக்கி, தீயைக் குறைத்து, தொடைத் துண்டுக்குப் பதினைந்து நிமிடம் வரை கொடுங்கள். காகிதத்தில் வைத்தால் அடிப்பக்கம் நமுத்துப்போகும். கம்பித் தட்டில் வையுங்கள்.

சோள ரொட்டிக்குக் கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கேட்டால் வெள்ளை ஸ்டார்ச் பாக்கெட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது மஞ்சள் மக்காச்சோள மாவு. கொஞ்சம் ரவைப் பதமாக இருந்தால் இன்னும் நல்லது. இரும்புச் சட்டியில் வெண்ணெயைப் போட்டு நன்றாகச் சூடேற்றி, மோரும் முட்டையும் சோடா மாவும் சேர்த்துக் கரைத்த மாவைச் சுரீரென்ற சத்தத்தோடு ஊற்ற வேண்டும். ஓரம் மொறுமொறுப்பாக வருவது அந்தச் சூட்டினால்தான். இதில் சர்க்கரை சேர்ப்பதா வேண்டாமா என்பது அங்கே வீட்டுக்கு வீடு மாறும். அவள் பாட்டி வீட்டு வழக்கம் என்ன என்பதைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் அன்பர்:

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட சமையலைப் பரிமாறினால் சப்பென்று இருப்பதாகச் சொல்வார்கள். கோழியில் இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் சேர்த்தால் எல்லாருக்கும் பிடிக்கும் அல்லவா?

நெல்லித்தோப்பு சமையல்காரி:

மன்னிக்க வேண்டும், அண்ணா. அப்படிச் செய்தால் நம் ஊர் சிக்கன் வறுவலைத்தான் அந்தப் பெண் சாப்பிடுவாள். அதை மற்ற ஆறு நாளும் நாம் கொடுக்கலாம். காரம் வேண்டியவர்களுக்கு அந்தச் சமையலிலேயே வழி இருக்கிறது: காரமான மிளகாய்களைக் கீறிப் பாட்டிலில் போட்டு, சூடான வினிகரை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, கீரையின் மீதும் காராமணியின் மீதும் தெளித்துச் சாப்பிடுவார்கள். இன்றே ஒரு பாட்டில் போட்டு வைத்தால் அன்றைக்கு அப்பாவுக்குச் சரியாக இருக்கும்.

மஞ்சக்குப்பத்துக்காரர்:

சோற்றைப் பற்றியும் கவலை வேண்டாம். ஜார்ஜியா, தென் கரோலினா கடற்கரைகள் ஒரு காலத்தில் பெரும் நெல் விளைந்த பகுதிகள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பும் பயிர் அறிவும் அந்த வயல்களை உருவாக்கின. ஆகவே காராமணியைச் சோற்றோடு பரிமாறுவது அவர்கள் முறையே. காராமணியின் தாயகமும் ஆப்பிரிக்காதான். வெண்டைக்காயும் அந்தச் சமையலில் அன்றாடம் புழங்குகிறது. பட்டியலில் வெண்டைக்காய் இல்லாவிட்டாலும், சோள மாவில் புரட்டிப் பொரித்து ஒரு தட்டு வையுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நூக்கல் இலை என் நினைவுக்கு வரவே இல்லை. மக்ரோனி, கிழங்கு, ரொட்டி மூன்றும் அவனில் வைக்க வேண்டியவை. எதை முதலில் வைப்பது?

வில்லியனூர் பேக்கரி அம்மா:

முதலில் கிழங்கு. சனிக்கிழமையே சர்க்கரைவள்ளிக் கிழங்கை அரை வேக்காடாக வேகவைத்துத் தோலுரித்து வையுங்கள். காலையில் பூசைக்குப் புறப்படும் முன் வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, பட்டைத்தூள், துருவிய சாதிக்காய் சேர்த்துச் சுட்டுவிடலாம். நம் ஊர் வெள்ளைக் கிழங்கு சற்று மாவாக இருக்கும் என்பதால் கால் டம்ளர் ஆரஞ்சுச் சாறு ஊற்றுங்கள். இது ஆறினாலும் கெடாது, மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது மக்ரோனி. இதற்கும் பிரெஞ்சுச் சமையலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சனின் அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ், 1784-இல் அவருடன் பாரிஸ் சென்று சமையல் பயின்றவர். 1796-இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அமெரிக்காவில் மக்ரோனி பரவியதில் அவருடைய கைக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள். முக்கால் வேக்காட்டில் மக்ரோனியை வடித்து, பால், முட்டை, துருவிய செடார் சேர்த்துக் கலந்து, மேலே இன்னும் கொஞ்சம் சீஸ் தூவி, 180 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம் வையுங்கள். சீஸைப் பாக்கெட்டில் துருவி வருவதாக வாங்காமல் கட்டியாக வாங்கித் துருவினால்தான் நன்றாக உருகும்.

ரொட்டி கடைசியில்தான். மக்ரோனியை வெளியே எடுத்து மூடிவைத்துவிட்டு, அவன் சூட்டை 220 டிகிரிக்கு ஏற்றி ரொட்டியை உள்ளே வைத்தால், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். அந்த நேரத்தில் அடுப்பில் கோழியைப் பொரித்து முடித்தால் இரண்டும் சூடாக ஒன்றாக மேசைக்கு வரும். இரும்புச் சட்டி உங்கள் அவனுக்குள் கைப்பிடியோடு நுழைகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே வைத்துப் பார்த்துவிடுங்கள்.