‘சப்டியூரல்’ என்பதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களுக்கு வணக்கம். நோயாளியின் வீட்டாருக்குக் கொடுக்கும் சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மண்டைக்குள் ஏற்படும் ரத்தப்போக்கு பற்றியது. எபிடியூரல், சப்டியூரல், சப்அரக்னாய்டு, மூளைத் திசுவுக்குள்ளேயே வருவது என நான்கு வகை. செய்தித்தாளில் நான்குக்கும் ‘மூளையில் ரத்தக்கசிவு’தான். நான் ‘உறைமேல்’, ‘உறைக்கீழ்’ என்று தொடங்கினேன். ரத்தம் கட்டுவதை ‘உறைவு’ என்றதும் ‘உறைக்கீழ்க் குருதியுறைவு’ என்று வந்து நிற்கிறது. எந்த உறை எது என்று எனக்கே விளங்கவில்லை.

---

தம்பி, ஏன் திண்டாட்டம்? மூளையை மூடும் உறைகளில் தடித்த வெளியுறை டியூரா மேட்டர், மூளையை ஒட்டிய மெல்லுறை பயா மேட்டர். இலங்கைக் கலைச்சொற்களில் முன்னதற்கு வன்றாயி, பின்னதற்கு மென்றாயி. லத்தீனில் ‘கடினத் தாய்’, ‘மெல்லிய தாய்’. அதுவும் அவர்கள் சொந்தச் சரக்கல்ல, அரபு மருத்துவத்திலிருந்து பெயர்த்தது. வன்தொண்டர் வன்றொண்டர் ஆனால் வன்தாயி வன்றாயி ஆகாதா? எனவே வன்றாயிக்கீழ்க் குருதிப்பெருக்கு. ‘ரத்தம்’ வேண்டவே வேண்டாம். குறுந்தொகையின் முதல் பாட்டே காந்தளைக் குருதிப்பூ என்கிறது.

---

ஐயா, புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் கரும்பலகையில் ‘மென்றாயி’ என்று எழுதினால் என் பிள்ளைகள் ‘எதை மென்றாய்?’ என்பார்கள். பாடநூலில் அவர்கள் படிப்பது டியூரா மேட்டர். ‘சவ்வு’ போதாதா?

---

சவ்வு என்றால் முழங்காலுக்குப் போய்விடுவார்கள் டீச்சர். ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு டாக்டர்’ என்பதைத் தினமும் கேட்கிறேன்.

எனக்கு உறுத்துவது ‘கசிவு’. எபிடியூரலில் பெரும்பாலும் பொட்டெலும்பு உடைந்து, அதன் உட்புறத்தை ஒட்டி ஓடும் தமனி கிழியும். அது கசியாது, பீறிடும். அடிபட்டவர் எழுந்து தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். சில மணி நேரத்தில் நினைவு தப்பும். ‘நல்லாத்தானே இருந்தார்’ என்று அழைத்து வருவார்கள். சப்டியூரலில் கிழிவது பெரும்பாலும் சிரை. வயதாக ஆக மூளை சுருங்கி அந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் லேசாக இடித்துக்கொண்ட பாட்டிக்கு மூன்று வாரம் கழித்துத் தள்ளாட்டமும் பேச்சுக் குழப்பமும் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் சுலபம். அங்கே கசிவு சரி. சி.டி.யில் முன்னது லென்ஸ் மாதிரி, பின்னது பிறை மாதிரி தெரியும்.

மற்ற இரண்டு: அடிபடாமலே வரும் சப்அரக்னாய்டு பெரும்பாலும் தமனியில் புடைத்த இடம் வெடிப்பதால். இடி விழுந்தாற்போல் தலைவலி. திசுவுக்குள் வருவதற்கு முதல் காரணம் ரத்தக்கொதிப்பு.

---

பிறை! ஆகா, ‘பிறைக்குருதி’, ‘வில்லைக்குருதி’ என்றே வைத்துவிடலாமே. மாதந்தோறும் புதிதாய்ப் பிறப்பதால் பிறை என்பது என் நெடுநாள் துணிபு. இதுபற்றித் தனியே எழுதுகிறேன்.

---

நாள்பட்டால் அந்தப் பிறையும் சில சமயம் வில்லையாகிவிடும் ஐயா. அப்போது பெயரை மாற்றுவதா?

---

தனியே எழுதுவதைத் தனியே வைத்துக்கொள்வோம் ஐயா, நாளை வெள்ளி. ‘எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே ரத்தக்கட்டு’, ‘மூளையுறைக்கு அடியில் ரத்தக்கட்டு’ என்று போடுகிறேன். உறைவு என்ற சொல்லே வராது. சப்அரக்னாய்டில் வரும் அரக்னாய்டுக்கு, அதாவது நடு உறையான சிலந்திப் படலத்துக்கு, இன்னும் வழி தெரியவில்லை. இப்போதைக்கு ‘மூளையைச் சுற்றியுள்ள நீரில் ரத்தம்’ என்றே நிற்கட்டும். டீச்சருக்கும் சம்மதம்.

---

எனக்குச் சம்மதமில்லை. இவை சொற்களல்ல, விளக்கங்கள். போகட்டும், ‘இரத்தம்’ என்று முன்னே இகரமாவது போடுங்கள்.