நாய்க்கு மாட்டும் ஹார்னஸ்: சேணம் வேண்டாம், மார்ப்பட்டை

வணக்கமுங்கண்ணா,

நாயின் மார்பையும் முதுகையும் சுற்றி வார்களால் மாட்டுகிற ஹார்னஸுக்குத் தமிழில் சேணம் என்றே வைத்து முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் போய்ச் சேணம் வேண்டுமென்று கேட்டால், முதுகில் போட்டு ஆள் ஏறி உட்காருவதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நாய் மேல் யார் ஏறப் போகிறார்கள்?

பூட்டாங்கயிறு என்று இன்னொருவர் சொன்னது கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. காங்கேயம் மாட்டை வண்டியில் பூட்டும்போது நுகத்தடியோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிப் போடுகிற கயிறு, நம்ம பக்கத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது மாடு இழுப்பதற்காகப் போடுவது. நாயைப் பொழுதோட நடக்கக் கூட்டிப் போகிறவருக்கோ அது இழுக்கக் கூடாது என்பதுதான் கவலை. ஹார்னஸின் முதுகு வளையத்தில் கயிற்றை மாட்டினால் சில நாய் இன்னும் தெம்பாக இழுக்கும், பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்கே பின்பக்கமாகத்தான் கயிறு போகிறது. நெஞ்சுப் பக்க வளையத்தில் மாட்டினால் இழுக்கிறபோது உடம்பு நம்மைப் பார்த்துத் திரும்பிவிடும், வேகம் அடங்கும். அதனால் 'பூட்டு' என்ற வினையே இங்கே வேண்டாம், 'மாட்டு' போதும்.

தும்பு நல்ல சொல், தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதைக் கையில் பிடிக்கிற கயிற்றுக்கு வைத்துக்கொள்வோம்.

மார்வார் என்று நானே முதலில் எழுதிப் பார்த்தேன். வீட்டில் சத்தமாகப் படித்ததும் "அடகுக் கடையா?" என்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சொல் அங்கேயே செத்தது.

கடையில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். கழுத்தில் கட்டுவது பெல்ட், இது பாடி பெல்ட். கடைக்காரர் உடம்பில் எங்கே உட்காருகிறது என்பதை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறார். கழுத்துப்பட்டை ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது; பக்கத்தில் மார்ப்பட்டை என்று வைத்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். திருப்பூரில் தெரிந்தவர் ஒருவர் நைலான் நாடாவில் இதைத் தைத்து விற்கிறார், பெட்டிக்குள் வைக்கும் குறிப்பைத்தான் தமிழில் எழுதிக் கேட்டிருக்கிறார். அதில் ஒரு பத்தியை இந்தச் சொல்லோடு எழுதிப் பார்த்தேன்:

"முன்னங்காலுக்குப் பின்னால் மார்பு அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு எடுக்கவும். மார்ப்பட்டையின் முன்வார் தொண்டைக்குழியை அழுத்தாமல் மார்பெலும்பின் மேல் படிய வேண்டும். தோள் மூட்டின் குறுக்கே ஓடக் கூடாது, ஓடினால் நாய் காலை வீசி நடக்காது. அடிவார் அக்குளில் உரசாதபடி கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கட்டும். எந்த வாருக்கு அடியிலும் 2 விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தொளதொளவென்று இருக்கக் கூடாது."

முழுதுக்கும் பட்டை, அதன் கிளைகளுக்கு வார் என்று வந்ததால் எங்கும் குழப்பம் இல்லை. இதே இடத்தில் சேணத்தைப் போட்டுப் படித்துப் பாருங்கள், "சேணத்தின் முன்வார் தொண்டைக்குழியை" என்றதும் மனசு முதுகுக்கும் தொண்டைக்கும் அலைகிறது. மாட்டுகிறவர் தப்பாக மாட்டினால் அவஸ்தை நாய்க்குத்தான். சிப்பிப்பாறை மாதிரி தலையும் கழுத்தும் ஒல்லியான நாய்க்குக் கழுத்துப்பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வரும். மார்ப்பட்டை தளர்ந்திருந்தால் அதுவும் பயந்து பின்வாங்கும்போது கழன்றுவிடும். அவற்றுக்கென்று விலாவுக்குப் பின்னால் இன்னொரு வார் வைத்துத் தைப்பதுண்டு, அதை வயிற்றுவார் என்று எழுதியிருக்கிறேன்.

காரில் வயர்களைக் கட்டாகப் போடும் வயரிங் ஹார்னஸ், உயரத்தில் வேலை செய்கிறவர் போடும் ஹார்னஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டுமென்று கோயம்புத்தூர் அண்ணன் கேட்டிருந்தார். எதுக்குங்க? ஆங்கிலத்தில் ஒரே பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பதற்காக வயர் கட்டையும் நாயையும் நாம் ஒரே கயிற்றில் கட்ட வேண்டியதில்லை. வயருக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம்.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று மிச்சம் இருக்கிறது: நாடாவை இழுத்து அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்குமே, பள்ளிக்கூடப் பை வாரிலும் இருக்கும், அதற்கு என்ன எழுதுவது? தைக்கிறவர்கள் அட்ஜஸ்டர் என்கிறார்கள். நான் இப்போதைக்கு 'அளவுக்கொக்கி' என்று போட்டிருக்கிறேன், ஆனால் அதில் கொக்கியே இல்லை.