ஏர்ஃபில்டர் பெட்டியில் ஆயில்: ப்ரீதர் குழாயைக் கழற்றி வெளியே விடலாமா?

நெடுவழி
வணக்கம். என் வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், 31,000 கிமீ ஓடியது. மூன்று வருடமாக ஊருக்குள்தான் ஓட்டினேன். போன வாரம் முதல் தடவையாகத் திருச்சியிலிருந்து சென்னை போய் வந்தேன். பெரும்பாலும் 95, 100 வேகம். வந்து ஏர்ஃபில்டர் மூடியைத் திறந்தால் பெட்டியின் அடியில் ஆயில் தேங்கியிருக்கிறது, பேப்பர் ஃபில்டரின் கீழ்ப்பாதி கறுத்து ஊறிப் போயிருக்கிறது, இன்ஜினுக்குக் காற்று விடும் த்ரோட்டில் பாடி வாயிலும் பிசுபிசுப்பு. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்ற அங்கிருந்து பெட்டிக்கு வரும் ப்ரீதர் குழாய் வழியாகத்தான் வந்திருக்கிறது. பட்டறையில் காட்டினேன். குழாயைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பழைய இரும்பு
தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. என் இரண்டு வண்டியிலும் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. இன்ஜின் வெளியே தள்ளும் அழுக்கை அதையே மறுபடி மூச்சிழுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயில் கலந்த காற்று உள்ளே போனால் இன்டேக் வால்வின் முதுகில் கார்பன் படியும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்தால் ஆக்டேன் (பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன்) இறங்கிய மாதிரிதான், வெயில் காலத்தில் மேடு ஏறும்போது இன்ஜின் தட்டும். அந்தக் காலப் புல்லட்டைப் பாருங்கள். கிராங்க்கேஸிலிருந்து (பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் இன்ஜின் பெட்டி) வரும் குழாயின் முனையில் வாத்து அலகு போல ஒரு ரப்பர் வால்வு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ஏர்ஃபில்டரோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது.

மழைப்பாதை
அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த ஆலோசனை தம்பிக்கு ஆபத்து. குழாய் முனை எங்கே தொங்கும்? பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் பக்கம், பின் டயருக்கு ஒரு சாண் முன்னால். நான்கு மணி நேரம் 100-இல் போகும் வண்டி அங்கே சொட்டுச் சொட்டாக விட்டால் வளைவில் என்ன ஆகும்? உலக சூப்பர்பைக் பந்தய விதியிலேயே ப்ரீதர் மூடிய அமைப்பாக இருக்க வேண்டும், குழாய் ஏர்பாக்ஸுக்குள்தான் (ஏர்ஃபில்டர் பெட்டி) முடிய வேண்டும் என்று இருக்கிறது. பவருக்காக எதையும் கழற்றத் தயங்காதவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் காரணம் இருக்கும்தானே?

இன்னொன்று, அந்தக் குழாயில் ஆயில் ஆவி மட்டும் வருவதில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவில் எரியாத பெட்ரோல் நிறைய. கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்தே இதை இன்டேக்குக்குத் திருப்பிவிட்டார்கள், உலகத்தில் கார்களுக்கு வந்த முதல் புகைக் கட்டுப்பாடே இதுதான். இங்கே BS6 (இந்தியப் புகை விதி) வண்டியில் கிராங்க்கேஸ் வாயு வெளியே வரவே கூடாது. நீங்கள் சொல்லும் புல்லட் அதற்கெல்லாம் முந்தையது.

பழைய இரும்பு
டயர் விஷயம் சரி, அதை மறுக்கவில்லை. என் குழாய் நம்பர் பிளேட் வரைக்கும் போகிறது, அவசரத்தில் அதை எழுதாமல் விட்டது என் தப்பு. ஆனால் பந்தய வண்டி 20 சுற்று ஓடிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடும், வால்வில் கார்பன் படிந்தால் அடுத்த வாரம் பிரித்துவிடுவார்கள். நம் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஃபில்டர் ஆயிலில் ஊறினால் காற்று போகாது, மைலேஜ் விழும். இதற்கு உங்கள் பதில் என்ன?

மழைப்பாதை
ஊறவே கூடாது என்பதுதான் பதில். நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் பெட்டிக்கு வருவது வெறும் ஈரம். அதற்காகத்தான் பெட்டியின் அடியில் மூடி போட்ட சின்ன டிரெயின் (வடிகால்) குழாய் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் திறப்பதே இல்லை. ஹோண்டா கையேடுகளில் ப்ரீதர் டிரெயினைச் சுத்தம் செய்வது தனி வேலையாகவே அட்டவணையில் இருக்கும். மழையிலோ முழு த்ரோட்டிலிலோ ஓட்டினால் இன்னும் அடிக்கடி செய்யச் சொல்வார்கள்.

சிலிண்டர் ஒன்று
இரண்டு பேரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். அவ்வளவு ஆயில் ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே. ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் கீழே இறங்கும்போது அடியில் இருக்கும் 350 சிசி காற்றுக்குப் போக இடமில்லை. இரட்டை சிலிண்டரில் சிலவற்றில் ஒன்று இறங்க ஒன்று ஏறும், காற்று உள்ளுக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும். இதில் அந்த வசதி கிடையாது. 4,500 சுற்றில் நொடிக்கு 75 முறை இந்தத் தள்ளல் நடக்கிறது. அடியில் ஆயில் கூடுதலாக இருந்தால் காற்றுக்கு இடம் இன்னும் குறையும், கிராங்க் ஆயிலை அடித்து மூடுபனியாக்கும், அதுதான் குழாய் வழியாக ஏறி வரும்.

நெடுவழி, ஆயில் அளவை எப்படிப் பார்த்தீர்கள்?

நெடுவழி
கிளம்பும் முன் காலையில் சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் பக்கவாட்டில் ஆயில் அளவு காட்டும் கண்ணாடியில் ஆயில் தெரியவே இல்லை. மேல் கோடு வரும் வரை ஊற்றினேன்.

சிலிண்டர் ஒன்று
கண்ணாடி வலப்பக்கமா? அப்படியென்றால் இதுதான் காரணம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும், ஆயிலும் அந்தப் பக்கம் போய்விடும், கண்ணாடி குறைவாகக் காட்டும். மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, இன்ஜினைச் சூடாக்கி, அணைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள்.

நெடுவழி
பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஆயில், மேல் மட்டமே தெரியவில்லை. வடித்ததில் ஏறக்குறைய 350 மில்லி வந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் ஐடிலில் குபுக் குபுக் என்று காற்று அடிக்கிறது, ரிங் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

சிலிண்டர் ஒன்று
ஒற்றை சிலிண்டரில் அந்தக் குபுக் இருக்கத்தான் செய்யும். நீலப்புகை விடாமல் வந்தால், ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கலாம். இப்போதைக்குப் பெட்டியைத் துடைத்து ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள். உங்களுடையது வெறும் பேப்பர் என்பதால் சொல்கிறேன். சில வண்டிகளில் ஃபில்டரே தொழிற்சாலையில் ஆயில் தடவி வரும், அதைப் பார்த்துப் பயந்து ஏர் பிடித்து ஊதிக் கெடுத்தவர்கள் உண்டு.

பழைய இரும்பு
அளவைக் கேட்காமல் குழாயைக் கழற்றச் சொன்னது அவசரம்தான். ஆனாலும் என் பக்கத்தை விடமாட்டேன். அளவு சரியாக இருந்தாலும் வயதான இன்ஜினில் நெடுஞ்சாலையில் ஆயில் வரும். அதைப் பிடிக்க நடுவில் ஒரு பாட்டில் வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மழைப்பாதை
பாட்டிலை நான் எதிர்க்கவே இல்லை அண்ணா. இன்ஜினிலிருந்து பாட்டிலுக்கு ஒரு குழாய், பாட்டிலிலிருந்து திரும்ப ஏர்ஃபில்டர் பெட்டிக்கு இன்னொன்று. ஆயில் பாட்டிலில் நிற்கும், வாயு எரிய உள்ளே போகும். நான் எதிர்ப்பது ரோட்டில் விடுவதைத்தான். கழற்றி விடுபவர்கள் பெட்டியில் இருக்கும் ஓட்டையை அடைக்கவும் மறந்துவிடுகிறார்கள். அது ஃபில்டருக்கு உட்பக்கம் இருந்தால் தூசி நேராகச் சிலிண்டருக்குப் போகும்.

பாட்டிலில் சேர்வதைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கிவிடும். ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டரே ஓட்டும் வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிவது இதுதான்.

நெடுவழி
ஞாயிற்றுக்கிழமை மதுரை போய் வந்தேன், அதே வேகம். புது ஃபில்டர் காய்ந்தே இருக்கிறது. டிரெயின் குழாயில் அரை விரல் அளவு கறுப்பு ஆயில், அவ்வளவுதான். ப்ரீதர் குழாயைக் கழற்றவில்லை. ஆயில் அளவும் நேராக நிறுத்திப் பார்த்தேன், அப்படியே நிற்கிறது.

பழைய இரும்பு
நல்லது தம்பி. மழைப்பாதை, என் வண்டியில் பாட்டில் வைத்து, அதிலிருந்து பெட்டிக்கு வீட்டில் கிடக்கும் பெட்ரோல் டியூபை இழுக்கலாம் என்று இருக்கிறேன். போதுமா?

மழைப்பாதை
போதாது அண்ணா. கம்பெனிக் குழாயின் உள்விட்டம் எவ்வளவோ அதே அளவு வேண்டும், எங்கேயும் மடங்கக் கூடாது. குறுகினால் உள்ளே அழுத்தம் ஏறி முதலில் ஆயில் சீலைத்தான் தள்ளும். ஆயில் தாங்கும் ரப்பராக வாங்குங்கள். பாட்டில், இன்ஜினில் ப்ரீதர் குழாய் கிளம்பும் வாயைவிட உயரமாக இருக்கட்டும்.