தாவரச் சூழலியல் விரிவுரையாளரைத் தேர்ந்தெடுக்க எதைச் சோதிப்பது?

கேள்வி: கொடிமலைவாசி, பினாங்கு

வணக்கம். பினாங்கில் ஒரு பல்கலைக்கழக உயிரியல் துறையில் பணியாற்றுகிறேன். எங்கள் தாவரச் சூழலியல் பேராசிரியர் பணி ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் ஆகின்றன. சென்ற முறை ‘தாவர அறிவியல்’ என்று பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆய்வகத்தை விட்டு வெளியே வராத மூலக்கூறு உயிரியலாளர்கள். கட்டுரை எண்ணிக்கையில் முன்னின்ற ஒருவரைக் கொடிமலைப் (பினாங்கு ஹில்) பாதையில் அழைத்துச் சென்றபோது, கைப்பேசிச் செயலியைத் திறக்காமல் ஒரு மரத்தின் குடும்பத்தைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. இடம் காலியாகவே கிடந்தது. இப்போது மூத்த விரிவுரையாளர் நிலையில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்க மீண்டும் அனுமதி கிடைத்திருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை பக்கத்திலேயே இருக்க, அதில் ஏறி இறங்கி மாணவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நேர்காணலில் எதைச் சோதிக்கலாம்?

பதில் 1: பலகைவேர், கோலாலம்பூர்

மரப்பெயர்களை ஒப்பிக்க வைப்பதை நான் சோதனையாகக் கொள்ள மாட்டேன். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 50 ஹெக்டேர் ஆய்வு நிலத்துக்குள் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் உள்ளன. வேறு நாட்டுக் காட்டில் பயின்றவர் அங்கே முதல் நாளில் திணறுவது இயல்புதான். பெயர் தெரியாதபோது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இலையைக் கசக்கி முகர்கிறாரா, பட்டையில் பிசின் கசிகிறதா என்று கவனிக்கிறாரா, மாதிரி எடுத்து எண் எழுதி வைக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மறுபாதிக்கு, ஓர் அளவு நாடாவைக் கையில் கொடுத்துப் அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் பெரிய பலகை வேர்கள் உள்ள மரத்தின் முன் நிறுத்துங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும் என்பது பாடம். அந்த உயரத்தில் நாடா வேர்களைச் சுற்றினால் கிடைப்பது மரத்தின் விட்டம் அன்று. ஏணி கேட்டு, வேர்களுக்கு மேலே அளந்து, அந்த உயரத்தைக் குறிப்பேட்டில் எழுதி, அடிமரத்தில் வண்ணக்கோடும் இடுபவரை விட்டுவிடாதீர்கள். ஐந்தாண்டு கழித்து வேறொருவர் அதே கோட்டில் நாடாவை வைப்பார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பதில் 2: முன்னாள் தேர்வுக்குழு உறுப்பினர், கோலாலம்பூர்

ஒப்பந்தக் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். மெரந்தி, கெருயிங் போன்ற, டிப்டெரோகார்ப் என்ற மழைக்காட்டு மரக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களில் பல ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்ல முடியாத இடைவெளியில், பல இனங்கள் ஒருசேரப் பூக்கின்றன. விதையையும் நாற்றையும் மட்டும் நம்பித் திட்டம் தருபவர் மூன்றாண்டும் அண்ணாந்து பார்த்தபடியே கழிக்க நேரலாம். “பூக்காவிட்டால் என்ன ஆய்வு செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கேபிஐ (பணித்திறன் இலக்கு) வைக்கும் உங்கள் நிருவாகத்திடமும் இதை முன்பே சொல்லி வையுங்கள். நான் இருந்த குழு அதைச் செய்யவில்லை, நல்ல ஆய்வாளர் ஒருவரை அதனால் இழந்தோம்.

காடு மாநில அரசின் அதிகாரத்தில் வருவது. வெளிநாட்டவரானால், அனுமதிகள் பற்றியும் 2017ஆம் ஆண்டின் உயிரியல் வளச் சட்டம் பற்றியும் விசாரித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

பதில் 3: கணக்காளன், பினாங்கு

இருவரும் காட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த அளவுகளைப் புள்ளியியல் வழியில் ஆராயத் தெரியாதவர் வந்தால், அவை அலமாரியிலேயே உறங்கும். மரம் அடையாளம் காண அனுபவமுள்ள உதவியாளரை அமர்த்திக்கொள்ளலாம். ஆய்வுக் கேள்வியை வகுத்துத் தர அவரைக் கேட்க முடியாது. நேர்காணலுக்கு முதல் நாள் ஒரு பழைய தரவுத் தொகுப்பை அனுப்பி, அதில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கொடிமலைவாசி

மூவருக்கும் நன்றி. ‘வெப்பமண்டலக் காட்டில் களப்பணி செய்த அனுபவம், நீண்டகாலத் தரவுகளை ஆராயும் திறன்’ என்று விளம்பரத்தில் வெளிப்படையாகவே எழுதப் போகிறேன். தரவுத் தொகுப்பு முதல் நாள், கொடிமலை மறுநாள் காலை. கேபிஐ பற்றித் துறைத்தலைவரிடம் இவ்வாரமே பேசுகிறேன். எங்களிடம் இருக்கும் துணி நாடா இழுபட்டு நீண்டுவிட்டது என்று ஆய்வக உதவியாளர் இன்று சொன்னார். அதை மாற்றுவது முதல் வேலை.