ஷட்டவுன் கேபினை எங்கே வைப்பது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1
நான்கு ஆண்டுகளாக ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வளைகுடாவில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில், ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் வேலைக்கு, வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் தற்காலிகக் கேபின், வெடிப்பு வரைபடத்தில் நான் வரைந்த அழுத்தக் கோட்டுக்கு (வெடித்தால் ஆபத்தான அழுத்தம் எட்டும் எல்லை) உள்ளே விழுந்தது. ஆலோசகர்கள் வெடிப்பு நிகழும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்க்கும் இடர் கணக்கைக் கொண்டுவந்து, கேபின் ஆறு வாரம்தான் இருக்கும், ஓராண்டுக்குப் பரப்பிப் பார்த்தால் தனிநபர் இடர் ஏற்கத்தக்க அளவுக்குக் கீழே நிற்கிறது என்று காட்டினார்கள். எல்லோரும் கையெழுத்திட்டார்கள், நானும் இட்டேன். மறுநாள் கேபின் சுவரில் ஒட்டியிருந்த அந்த வரைபடத்தில் ஃபோர்மேன் ஒருவர் விரலை வைத்து, “சார், நாங்கள் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?” என்று கேட்டார். உள்ளே என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

பதிவு 2
இடர் கணக்கின் மேல் மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. வாய்ப்பைப் பார்க்காமல், வெடித்தால் வரும் விளைவை மட்டும் வைத்து முடிவெடுத்த ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். எட்டு அங்குலக் குழாய் முழுதாக முறிவதாக எடுத்தால் கண்ட்ரோல் ரூமைப் புதிதாகக் கட்ட வேண்டும், இரண்டு அங்குலத் துளை என்றால் வேண்டாம். மதியத்துக்குள் இரண்டு அங்குலம் என்று முடிவாயிற்று. நிகழ்தகவு என்ற சொல்லை உச்சரிக்காமலே அதைத் தீர்மானித்துவிட்டோம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: எந்த முறையானாலும், கட்டடத்தில் யார், எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்று தனியாக எழுதி வாங்குங்கள். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடிப்பில் இறந்த 28 பேரில் 18 பேர் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள். அன்று சனிக்கிழமை என்பதால் அலுவலகக் கட்டடம் காலியாக இருந்தது. அழுத்தக் கோடு இரண்டு கட்டடங்களையும் ஒன்றாகவே பார்க்கும், ஆள் கணக்குதான் வேறுபாட்டைக் காட்டும். யூனிட்டை மீண்டும் இயக்கத் தொடங்கும் ஸ்டார்ட்அப் நாட்களுக்கும் தனிக் கணக்குக் கேளுங்கள், ஆண்டுச் சராசரியில் அவற்றின் கூடுதல் ஆபத்து கரைந்துபோகும்.

பதிவு 3
மேலே எழுதியவர் சொல்வது நிரந்தரக் கட்டடத்துக்குப் பொருந்தும். கேபினைக் கிரேன் வைத்து நகர்த்திவிடலாம் என்னும்போது நிகழ்தகவுக்கு அங்கே என்ன வேலை? 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பாலை வெடிப்பில் இறந்த 15 பேரும் கேபின்களிலோ அவற்றின் அருகிலோ இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். வெடித்தது பக்கத்தில் ஸ்டார்ட்அப் நடந்துகொண்டிருந்த வேறொரு யூனிட். அதன் பிறகு 2007இல் வந்த ஏபிஐ 753 (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வழிகாட்டி), ஆட்கள் தங்கும் மரச்சட்டக் கேபின்களை ஆபத்துக்கு மிக அருகில் உள்ள முதல் மண்டலத்தில் வைக்கக் கூடாது என்று தூரத்தை வைத்தே சொல்லிவிட்டது. எங்கள் ஆலையில் ஒரு கேபினை இதற்காக நகர்த்தியபோது அரை நாள்தான் ஆனது.

பதிவு 4 (முதல் பதிவை எழுதியவர்)
ஸ்டார்ட்அப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். யூனிட்டை ஆறாம் வாரத்தில் இயக்கத் தொடங்கியிருக்கிறோம். கேபினை அகற்றியது அதற்கு நான்கு நாள் கழித்து.