சென்னையில் பூமரம் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

அண்ணா நகரிலிருந்து:

மே மாதம் பிறந்தால் வீட்டில் ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சு எழும். நான் மட்டும் அசைய மாட்டேன். எங்கள் தெருவில் வரிசையாக நிற்கும் இயல்வாகை மரங்கள்தான் காரணம். பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். பூ பார்க்க அடையாறு பிரம்மஞான சபைக்கோ செம்மொழிப் பூங்காவுக்கோதான் போக வேண்டும் என்பதில்லை. இந்த மரம் சென்னையில் சாலையோரமெங்கும் நிற்கிறது. நேரம்தான் முக்கியம். காலை ஐந்தே முக்காலுக்கு வாருங்கள். தார்ச்சாலை கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தி வைத்த ஆட்டோவின் கூரையும் மஞ்சள், மூடிய இஸ்திரி வண்டியும் மஞ்சள். குனிந்து ஒரு பூவைக் கையில் எடுங்கள். ஐந்து இதழ்களும் கசக்கிப் பிரித்த பட்டுத்தாள்போல இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் செம்பழுப்பாக ஒரு கோடு ஓடும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் சற்றுத் தாமதமாகப் போனேன். தூய்மைப் பணியாளர் ஒருவர் அதற்குள் கூட்டத் தொடங்கியிருந்தார். நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "நின்று பாருங்கள் சார். நான் அந்தக் கோடியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். அன்று முதல் எங்கள் தெருவை அவர் கடைசியில்தான் கூட்டுகிறார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

சரக்கொன்றை இதற்குச் சற்று முன்பே, சித்திரையில் தொடங்கிவிடும். இலை உதிர்ந்த கிளைகளில் சரம் சரமாகத் தொங்கும். அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். சரத்தின் மேற்பகுதி விரிந்திருக்கும், நுனியில் பச்சை மணிகளாக மொட்டுகள் காத்திருக்கும். ஒரே சரத்தில் நேற்றும் இன்றும் நாளையும்!

தாம்பரத்திலிருந்து:

புங்க மரத்தை யாரும் சேர்க்க மாட்டேன் என்கிறீர்களே! கோடையில் எங்கள் பஸ் நிறுத்தத்துப் புங்கமரத்தின் கீழ் நெல்பொரியைக் கொட்டியதுபோல் பூ கிடக்கும். பொரியை உவமையாக்கிச் சங்கப் புலவர்களே இதைப் பாடியிருக்கிறார்கள். தேனீக்களின் இரைச்சல் பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மே மலரையும் விட்டுவிடாதீர்கள். சிவந்த பூவில் ஓர் இதழ் மட்டும் வெள்ளையாக, சிவப்புத் தீற்றலோடு இருக்கும். அதன் கேசரங்களைக் கொக்கி மாட்டி இழுத்துச் சண்டை போட என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது தினமும் அவளிடம் தோற்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து:

எங்கள் பக்கம் வந்தால் மகிழம்பூ. தியாகராசர் கோயிலின் தலமரமே மகிழம்தான். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மரத்தடியில் என்பது ஐதீகம். அண்ணா நகர் ஐயா சொல்வதுபோல் இதை அண்ணாந்து தேடினால் அகப்படாது. பூ நகத்தளவுதான், இலைக்குள் ஒளிந்திருக்கும். மணம்தான் முதலில் வரும், பிறகு தரையில் பார்க்க வேண்டும். நடுவில் துளையோடு விழுவதால் ஊசிகூட வேண்டாம், நாரிலேயே கோத்துவிடலாம். என் பாட்டி காய்ந்த மகிழம்பூச் சரத்தைப் புடவைப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் போய் ஐந்து வருடமாகிறது. பெட்டியைத் திறந்தால் இன்னும் அந்த வாசனை இருக்கிறது.

வேளச்சேரியிலிருந்து:

நான் இரவுப் பணி பார்ப்பவன். எல்லோரும் காலை வேளையைச் சொல்கிறீர்கள். என் மரம் நள்ளிரவில் பூப்பது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இரவுகளில் வேலை முடிந்து திரும்பும்போது, தெரு திரும்பும் முன்பே மரமல்லியின் வாசம் கார் ஜன்னல் வழியாக வந்துவிடும். தெருவிளக்கு வெளிச்சத்தில் நீண்ட காம்போடு வெள்ளைப் பூக்கள் சுழன்று சுழன்று இறங்கும். பகல்காரர்கள் பார்ப்பதெல்லாம் தரையில் வாடிக் கிடப்பதைத்தான்.

2016 டிசம்பர் 12, வர்தா புயலில் அந்த மரம் நடுவில் முறிந்தது. மரமல்லி சட்டென்று முறியும் மரம். அன்று நான் அழுததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சமிருந்த அடிமரத்தையும் வெட்டி எடுத்துப் போனார்கள். ஆனால் அதன் வேர் மண்ணுக்குள்ளேயே இருந்தது. அடுத்த மழைக்கு, பழைய இடத்திலிருந்து நாலடி தள்ளி மூன்று கன்றுகள் கிளம்பின. ஒன்றுக்குச் சவுக்குக் கொம்பு நட்டுக் கட்டினேன். எதிர்வீட்டு அக்கா மாடு மேயாமல் முள்வேலி போட்டார். இப்போது அது இரண்டு மாடி உயரம். போன கார்த்திகையில் முதன்முதலாகப் பூத்தது. விடியற்காலை மூன்று மணி என்றும் பாராமல் அக்காவை எழுப்பினேன். கையில் டார்ச் விளக்கோடு வந்தவர், அதை ஏற்றாமலே நின்றுகொண்டிருந்தார்.