வெளிநாட்டில் பள்ளி கட்டப் பணம் திரட்டும் மாணவர்கள்: உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒன்று எது? அந்தப் பள்ளிகளோடு வேலை செய்தவர்களின் பதில்கள்

தள மேற்பார்வை, கம்போடியா

ஐந்து வகுப்பறைக் கட்டடம். பணம் சிங்கப்பூர் மாணவர்கள் திரட்டியது. மார்ச்சில் திறப்பு விழா, அதாவது மழையில்லாத வறண்ட காலம். இரண்டாவது மழைக்காலம் கழிந்ததும் கடைசி அறையின் தரை நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. சுவரில் ஒரு கீறல் கிடையாது, தூண்களும் அசையவில்லை. தரை மட்டும் தனியே கீழே போய், சுவரோரம் கை நுழையும் சந்து. பிள்ளைகள் அதற்குள் பென்சில் விழாமலிருக்கத் துணி திணித்திருந்தார்கள். அந்தத் துணிதான் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இடம் பழைய வயல். தூணின் அஸ்திவாரம் கெட்டி மண்ணில் நிற்கும், தரையோ கொட்டிய மண்ணின் மேல் நிற்கும். அந்த மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். இங்கே ஒரே வீச்சில் ஒரு மீட்டர் கொட்டி நிரவிவிட்டார்கள். காய்ந்த கட்டிகளுக்கு நடுவில் காற்று. மழை உள்ளே இறங்கியதும் எல்லாம் அமுங்கிவிட்டது.

லாரி பில்லைப் பார்த்தாலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். 40 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்றால் 360 கன மீட்டர். இறுகும்போது குறைவதற்குக் கால் பங்கு கூட்டினால் 450. 5 கன மீட்டர் லாரியில் 90 நடை. பில்லில் இருந்தது 72. அளவு கச்சிதமாக 360-க்குப் பொருந்துகிறது, அப்படியென்றால் மண் இறுக்கப்படவே இல்லை.

கட்டமைப்புப் பொறியாளர், நேபாள மலைப்பகுதிகள்

தரை இறங்கினால் உடைத்துப் போட்டுக்கொள்ளலாம் ஐயா. சுவர் அப்படியில்லை.

2015 ஏப்ரல் 25, காலை 11.56. நிலநடுக்கம் 7.8 அளவு. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் பள்ளி விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் விழுந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லாததற்குக் கிழமைதான் காரணம். மறக்க முடியாத காட்சி ஒரு கல் சுவர்: வெளிப்பக்கக் கற்கள் மொத்தமும் சரிந்து கிடக்க, உட்பக்க வரிசை மட்டும் நின்றது. அதில் கரும்பலகை ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவர் உண்மையில் ஒரு சுவரே இல்லை. இரண்டு மெல்லிய சுவர், நடுவில் சல்லியும் சேறும். இரண்டையும் கோக்க, முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கல்லை உயரத்தில் 60 செ.மீ.க்கு ஒன்று, நீளவாக்கில் 1.2 மீட்டருக்கு ஒன்று வைக்க வேண்டும். லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே, பெல்ட் கான்கிரீட் நான்கு சுவரையும் விடாமல் சுற்ற வேண்டும். 75 மி.மீ. கனம், இரண்டு கம்பி போதும். ஆனால் மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தினால் பெல்ட் போட்டதற்கே அர்த்தமில்லை. வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோய், 12 மி.மீ. கம்பியானால் அங்குள்ள கம்பியோடு 60 செ.மீ. நீளம் சேர்ந்து படியும்படி மேல்பொருத்தம் கொடுக்க வேண்டும்.

பத்து நாள் பயணமாக வரும் மாணவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் வேலை என்ன தெரியுமா? சுவர் நடுவில் சல்லி நிரப்புவது. தேர்ந்த கொத்தனார் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை அது. மாணவர்கள் மணல் சலிக்கட்டும், கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விடட்டும். இரண்டும் உயிர் காக்கும் வேலைகள்.

கணக்குத் தணிக்கை, சிங்கப்பூர்

மேலே இருவரும் சொல்வது சரி. ஆனால் மண்ணை இறுக்கவும் பொறியாளரை அனுப்பவும் எந்தப் பணத்தில் என்று இருவருமே எழுதவில்லை. "ஒரு வகுப்பறைக்கு இவ்வளவு" என்று சுவரொட்டியில் போட்டுவிட்டால் மேற்பார்வைக்கு அதில் இடமே இல்லை. வரைபடம், மேற்பார்வை, எதிர்பாராச் செலவு மூன்றுக்கும் சேர்த்துக் குறைந்தது 15 விழுக்காடு முதலிலேயே இலக்கில் சேர்த்து அறிவிக்க வேண்டும்.

உறுத்துவது வேறு. உண்டியல் சில்லறை எல்லாம் எண்ணி, ரகம் பிரித்துப் பையில் கட்டி, அனுப்ப முடியாமல் ஒரு மாணவர் மன்றத்தின் அலமாரியில் கிடந்தது. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். தெருவில் உண்டியல் ஏந்த அது போதாது, தனி உரிமம் உண்டு. பொது வசூலில் செலவு போக மிஞ்சுவதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. தனிப்பட்ட முறையில் தெரிந்தவர்களிடம் கேட்பது வேறு வகை, அதற்கு விலக்குக் கேட்கலாம். விண்ணப்பம் முதலில், சுவரொட்டி பிறகு.

இன்னும் சில. தொண்டூழியர்களின் விமானச் சீட்டுக்குத் தனிக் கணக்கு. கட்டட ஒப்பந்தக்காரருக்குப் பணம் கட்டம் கட்டமாக: அஸ்திவாரம் முடிந்ததும் 25, லிண்டலில் 30, கூரையில் 30, ஒப்படைக்கும்போது 10 விழுக்காடு. மீதி 5 ஒரு மழைக்காலம் கழிந்த பிறகே. முதல் பதிவில் அந்தப் பிடித்தம் இருந்ததா?

ஆசிரியப் பயிற்சி, மலாவி

சுவர், தரை, பணம் என்றே போகிறது. மலாவி 1994-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்ததும் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கியது. மரத்தடி வகுப்புகள் பெருகியது அதனால்தான். அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பணம் திரட்டும் பில்ட்ஆன் அமைப்பு அங்கே ஊரோடு ஓர் உடன்படிக்கை போடுகிறது: நிலமும் கூலியில்லா உழைப்பும் ஊருடையது, பெண் பிள்ளைகளைச் சரிசமமாக அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைப்பார்கள். மை காயாத விரலை உடுப்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு கிழவியின் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவர் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். ஆசிரியர் வந்தாரா? ஆசிரியரை அனுப்புவது அரசு. தங்க வீடில்லாத ஊரில் ஆசிரியர் நிலைப்பதில்லை. நான்கு அறைக்குப் பணம் இருந்தால் மூன்று அறையும் ஓர் ஆசிரியர் வீடும் கட்டுங்கள். கழிப்பறையைக் கூரைக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள்: 25 பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி.

தள மேற்பார்வை, கம்போடியா

கணக்கருக்கு: பிடித்தம் இல்லை. முழுத்தொகையும் திறப்பு விழாவன்றே போய்விட்டது.

பொறியாளருக்கு: உடைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள், எப்போது என்பதும் முக்கியம். சுவரில் ஒரு கோடு போட்டு மாதாமாதம் அளந்து, தரை இறங்குவது நின்ற பிறகே கை வைக்க வேண்டும். மேலேயே கான்கிரீட் ஏற்றினால் அந்த எடையே மறுபடி அமுக்கும். பழைய தரையை எடுத்து, மேல் மண்ணை அரை மீட்டர் தோண்டி, அடுக்கடுக்காக இறுக்கி, 10 செ.மீ. புதிதாகப் போட வேண்டும். 7-க்கு 8 மீட்டர் அறைக்கு 5.6 கன மீட்டர் கான்கிரீட், 1:2:4 கலவையில் (சிமெண்ட், மணல், சல்லி) சுமார் 36 மூட்டை சிமெண்ட். டிசம்பரில் தொடங்கினால் ஏப்ரலுக்குள் முடியும்.